குழந்தையின் கண் தானாக ஆடுகிறது: எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது?

"என் முகத்தைத்தான் பார்க்கிறாள். ஆனால் கண்ணு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது." குழந்தைகளின் பார்வையைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் என் முன்னால் பெற்றோர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் வந்து உட்காருகிறார்கள். கையில் இரண்டு மூன்று சீட்டுகள் இருக்கும். ஒருவர் தலைக்கு எம்ஆர்ஐ எழுதியிருப்பார். இன்னொருவர் "ஒரு வயசு ஆகட்டும், பார்க்கலாம்" என்றிருப்பார். மூன்றாவது சீட்டில் மரபணுப் பரிசோதனை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம், எதைச் செய்யாமலே விடலாம்? இந்தக் குழப்பத்தோடு வருபவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நம் பேச்சில் கண் துடிக்கிறது என்றால் இமை துடிப்பது. அடிக்கடி கண் சிமிட்டுவது வேறு. இங்கே பேசுவது விழியே தானாக, விடாமல், இடமும் வலமுமாகவோ மேலும் கீழுமாகவோ சுழன்றோ ஆடுவதைப் பற்றி. மருத்துவர்கள் இதை நிஸ்டாக்மஸ் என்பார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் எடுக்கப்பட்டு 2009-இல் வெளியான கணக்கெடுப்பில் 10,000 பேரில் சுமார் 24 பேருக்கு இது இருந்தது. ஏறக்குறைய நானூறு பேருக்கு ஒருவர்.

காய்ச்சல் மாதிரி இதுவும் ஓர் அறிகுறிதான். பின்னால் கண்ணின் கோளாறு இருக்கலாம். மூளையின் கோளாறு இருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்து, விழியை அசையாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு மட்டும் சரியாக அமையாமல் போயிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று யூகிக்க முடிந்தால், முதல் பரிசோதனை எது என்பதும் தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழிக்கும் ஐந்து கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். தள்ளிப்போட்டால் ஆபத்தான ஏதாவது கைநழுவிப் போகுமா? வரும் விடை சிகிச்சையையோ கவனிப்பையோ மாற்றுமா? குழந்தை என்ன பாடுபடும், குறிப்பாக மயக்க மருந்து வேண்டுமா? பணம் போக வேறென்ன செலவு? கடைசியாக, அநேகமாக யாரும் கேட்காத கேள்வி: முடிவு "நார்மல்" என்று வந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார்கள். இரண்டு வயதில் எம்ஆர்ஐ எடுத்து, மூளை நன்றாக இருக்கிறது என்று வந்ததும் வீடே நிம்மதியாகிவிட்டது. என் அறையில் அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தபடியே இருந்தான். கூச்சம் என்றார்கள். எழுந்துபோய் விளக்கை அணைத்து, மூலையில் ஒரு சின்ன விளக்கை மட்டும் விட்டேன். அரை நிமிடத்தில் தலையைத் தூக்கினான். கண் அகலத் திறந்தது. தரையில் கிடந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். சிவப்பு எது என்று கேட்டால் கறுப்புக் கட்டையை நீட்டினான். அவனுக்கு இருந்தது அக்ரோமடாப்சியா. விழித்திரையில் நிறத்தையும் பகல் வெளிச்சத்தையும் கவனிக்கும் கூம்பு செல்கள் பிறவியிலேயே வேலை செய்யாத நிலை. அதை எம்ஆர்ஐ காட்டாது, காட்டவும் முடியாது. வெளிச்சத்தைத் தணிக்கும் வண்ணக் கண்ணாடி போட்டதும் அன்றே வெளியில் நடந்தான். அந்தக் கண்ணாடி இரண்டு வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டியது.

## வழி 1: பொறுத்திருந்து பார்ப்பது

பிறந்த முதல் சில வாரங்களில் குழந்தையின் கண் அவ்வப்போது விலகும், திடீரென்று ஓடும், பிறகு சரியாகிவிடும். அந்த வயதில், விட்டுவிட்டு வரும் அசைவுக்குச் சில வாரம் பொறுப்பதில் தவறில்லை.

ஆனால் மூன்று மாதம் ஆன பிறகும் விழி தொடர்ந்து ஆடினால் காத்திருப்பதற்கு நியாயம் கிடையாது. பிறவிக் கண்புரை பின்னால் இருந்தால், அறுவை ஒவ்வொரு வாரம் தள்ளும்போதும் பார்வை வளரும் வாய்ப்பு குறைகிறது. அந்த நோயில் ஆட்டம் தொடங்கிவிட்டது என்றாலே ஏற்கெனவே தாமதம்தான். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், என்ன நோய் என்று கண்டுபிடித்துவிட்டுச் சொல்கிறார்களா, பார்க்காமலே சொல்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

## வழி 2: குழந்தைகள் கண் மருத்துவரின் முழுப் பரிசோதனை

கருவி குறைவு, மயக்க மருந்து இல்லை, குழந்தை அம்மா மடியிலேயே இருக்கும். அதனாலேயே பலர் இதை லேசாக நினைத்து, ஸ்கேனுக்கு முன் ஒப்புக்கு ஒரு தடவை காட்டிவிட்டுப் போகிறார்கள். என் அனுபவத்தில், மற்ற பரிசோதனைகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிப்பதே இதுதான்.

எப்போது தொடங்கியது என்பது முதல் தகவல். பிறவி வகை ஆட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தெரிய ஆரம்பிக்கும், ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். பிறந்தநாள் வீடியோ, தொட்டில் வீடியோ என்று போனில் பழையது எது இருந்தாலும் தேடி எடுத்து வாருங்கள். "எட்டு மாதத்தில்தான் தொடங்கியது" என்று உறுதியாகச் சொன்ன ஒரு தாயின் போனில், மூன்று மாதத்தில் எடுத்த வீடியோவிலேயே கண் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வீடியோவால் அவசர ஸ்கேன் தேவையில்லாமல் போனது.

அடுத்தது ஆட்டத்தின் சாடை. இடம் வலமாக, இரண்டு கண்ணும் ஒன்றுபோல, மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் அதே இடம் வலமாகவே ஆடினால் அது பிறவி வகையின் குணம். பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்கும்போது குறையும், உற்றுப் பார்க்க முயன்றால் கூடும், தூக்கத்தில் அடங்கும். ஒரு குறிப்பிட்ட திசையில் பார்க்கும்போது மட்டும் ஆட்டம் வெகுவாகத் தணியும். குழந்தை அந்தத் திசையைத் தானே கண்டுபிடித்து, முகத்தைத் திருப்பிவைத்துப் பார்க்கும்.

பிறகு ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். என் கட்டைவிரலை ஒரு கண்ணுக்கு முன் நிறுத்துவேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தபோது அசையாமல் இருந்த விழி, அந்த நொடியே திறந்திருக்கும் கண்ணின் பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கினால், அது சின்ன வயதிலேயே மாறுகண் வந்த குழந்தைகளிடம் காணும் மறைந்த வகை. இதற்குத் தலை ஸ்கேன் பொதுவாக வேண்டாம், மாறுகண்ணைக் கவனித்தால் போதும். இதே காரணத்தால்தான், ஆட்டம் உள்ள குழந்தைக்கு ஒரு கண்ணை அட்டையால் முழுக்க மறைத்துப் பார்வை அளந்தால் உண்மையைவிட மோசமான அளவு வரும். இரண்டு கண்ணும் திறந்தபடி, தலையைக் குழந்தை விரும்பியபடி திருப்ப விட்டு, ஒரு அளவும் எடுத்தார்களா என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் பயன்படப்போவது அந்த அளவுதான்.

இதன் பிறகு கண்மணியின் நடத்தை, ஐரிஸ் என்ற நிற வளையத்தின் வழியாக ஒளி ஊடுருவுகிறதா (தோல், முடி, கண்ணில் நிறமி குறைவாகப் பிறக்கும் நிறமிக் குறைபாட்டுக்கு இது முக்கியமான தடயம்), மருந்து விட்டு விரித்துப் பார்வை நரம்பு, விழித்திரை, கண்ணாடியின் அளவு. கைக்குழந்தை விரலால் அல்லது முஷ்டியால் கண்ணை அழுத்திக்கொண்டே இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். விழித்திரை மிகவும் பலவீனமான குழந்தைகள் அப்படிச் செய்வது உண்டு.

மறைந்த செலவு என்றால் நேரம்தான். ஒரே தடவையில் முடியாது. குழந்தை தூங்கிவிடும், அழும், மருந்து விட்ட பிறகு ஒத்துழைக்காது. இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும். முழுப் பரிசோதனையும் நார்மல் என்று வந்தாலும் அது முழு நிம்மதி இல்லை. அக்ரோமடாப்சியாவிலும் பிறவி மாலைக்கண்ணிலும் தொடக்கத்தில் விழித்திரை பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும்.

## வழி 3: ஓசிடி, ஈஆர்ஜி

இவை இரண்டும் ஜோடி. ஓசிடி விழித்திரையின் அமைப்பைக் குறுக்குவெட்டாகக் காட்டும். ஈஆர்ஜி, வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் எழும் மின் அலையை அளந்து, அது வேலை செய்கிறதா என்று சொல்லும்.

விழித்திரையின் நடுவில் கூர்மையான பார்வைக்கென்று ஒரு சின்னக் குழி உண்டு. நிறமிக் குறைபாட்டிலும் ஐரிஸ் இல்லாமல் பிறப்பதிலும் அந்தக் குழி சரியாக உருவாவதில்லை. எவ்வளவு குறை என்பதை ஓசிடி படத்தை வைத்து நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். பிற்காலத்தில் பார்வை ஏறக்குறைய எந்த அளவில் நிற்கும் என்று அந்தப் படி கோடிகாட்டும். வெளுப்பான நிறம் கொஞ்சமும் வெளியில் தெரியாத குழந்தைக்குக்கூட நிறமிக் குறைபாடு கண்ணில் இருக்கலாம். தலைமுடி கறுப்பாக இருக்கிறதே என்று விட்டுவிட்ட சிலரை ஓசிடிதான் காட்டிக்கொடுத்திருக்கிறது. கையில் பிடித்து எடுக்கும் ஓசிடி கருவி இருந்தால் மயக்கமில்லாமலே கைக்குழந்தைக்கு எடுத்துவிடலாம். மேசைக் கருவி என்றால் நாடியை வைத்து உட்காரும் வயது வர வேண்டும்.

ஈஆர்ஜி கொஞ்சம் பொறுமை கேட்கும். முழு முறைப்படி செய்தால் சுமார் 20 நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும், பிறகு வெளிச்சப் பொட்டுகள். ஆனால் இமைக்குக் கீழே தோலில் ஒட்டும் பட்டைகளை வைத்து, சுருக்கமாக, மயக்கமில்லாமல் எடுக்கவும் முடியும். குழந்தை பால் குடித்துக்கொண்டே இருக்கும்போது முடித்திருக்கிறோம். மயக்கத்தில் எடுத்தால் அந்த மருந்தே அலையின் உயரத்தை மாற்றும், அதனால் முடிந்தவரை விழித்த நிலையில் எடுப்பது நல்லது.

இதில் ஒளிந்திருக்கும் பொறி வயதுதான். பிறந்த முதல் மாதங்களில் ஈஆர்ஜி அலைகள் இயல்பாகவே சின்னவை. நாலு மாதத்தில் எடுத்து "குறைவு" என்று எழுதினால், ஒரு வயதுக்குப் பக்கத்தில் திரும்ப எடுக்காமல் அதை இறுதித் தீர்ப்பாக ஏற்க வேண்டாம். குழந்தைகளுக்கு எடுத்துப் பழகாத இடத்தில் எடுத்த ஈஆர்ஜி, எடுக்காததைவிடக் குழப்பம்.

இந்த ஜோடி நார்மல் என்று வருவதற்கு நிஜமான மதிப்பு இருக்கிறது. பிறவி வகை ஆட்டம், கண் பரிசோதனை நார்மல், ஓசிடி நார்மல், ஈஆர்ஜி நார்மல் என்றால்தான் "காரணம் தெரியாத பிறவி ஆட்டம்" என்று தைரியமாக எழுத முடியும். இவற்றைச் செய்யாமல் அந்தப் பெயரை ஒட்டிவிடுவது நிறைய நடக்கிறது. எனக்கு இதில் கோபமே உண்டு, ஏனென்றால் பெயர் வைத்த பிறகு யாரும் திரும்பத் தேடுவதில்லை.

## வழி 4: எம்ஆர்ஐ

கண் ஆடுகிறது என்றதும் மனம் நேராக மூளைக்கட்டிக்குத்தான் ஓடும். அந்தப் பயம் நியாயமானது, ஏனென்றால் சில குழந்தைகளுக்கு அது உண்மை. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் எம்ஆர்ஐ முந்த வேண்டும். மற்றதெல்லாம் பிறகு:

- ஆறு மாதத்துக்கு அப்புறம் புதிதாகத் தொடங்கிய ஆட்டம்
- ஒரு கண்ணில் மட்டும், அல்லது இரண்டு கண்ணிலும் வெவ்வேறு அளவில்
- மேலும் கீழுமாக ஆடுவது, அல்லது ஏற்றப்பலகை மாதிரி ஒரு கண் ஏறும்போது மற்றது இறங்குவது
- வாந்தி, தலைவலி, தள்ளாட்டம், தலைச் சுற்றளவு வேகமாகப் பெருகுவது, விழி கீழ்நோக்கியே நிற்பது
- பார்வை நரம்பு வெளுத்தோ வீங்கியோ சிறுத்தோ இருப்பது
- தோலில் பால்காப்பி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருப்பது (நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற நோயில் பார்வை நரம்பில் கட்டி வரலாம்)
- பேசத் தெரிந்த குழந்தை "எல்லாம் ஆடுது" என்று சொல்வது. பிறவி வகையில் குழந்தைக்கு உலகம் ஆடுவதாகத் தெரியாது.

தலையை ஆட்டிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, கண் மின்னுவதுபோல் வேகமாக நடுங்கும் ஒரு நிலை உண்டு. ஸ்பாஸ்மஸ் நூட்டன்ஸ் என்பார்கள். பெரும்பாலும் ஒரு வயதையொட்டி வந்து, சில வருடங்களில் தானாகவே அடங்கிவிடும். சந்தோஷம்தான். ஆனால் பார்வை நரம்புப் பாதையில் வரும் கட்டி அச்சு அசல் இதே மாதிரி வேஷம் போடும். பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் இங்கே எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் "தானாகப் போய்விடும்" என்ற வார்த்தை. சில விழித்திரை நோய்களும் இதே தோற்றத்தில் வரும், எனவே ஈஆர்ஜியும் கூடவே வேண்டும்.

தாமதமே கூடாத இன்னொன்று: விழிகள் எல்லாத் திசையிலும், இடைவெளியே இல்லாமல், வெடித்துச் சிதறுவதுபோலத் தாவுவது. கூடவே கைகால் துள்ளும், நிற்கத் தெரிந்த குழந்தை விழும், எரிச்சலாக அழும், தூங்காது. இது ஆப்சோக்ளோனஸ், அன்றைக்கே மருத்துவமனை. கணிசமான குழந்தைகளுக்கு இதன் பின்னால் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி இருக்கும். அது இருப்பது தலையில் அல்ல, வயிற்றிலோ மார்பிலோ. தலை எம்ஆர்ஐ மட்டும் எடுத்து நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பினால் கட்டி உள்ளேயே இருக்கும். வயிறு, மார்பு ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் சேர்ந்தே ஆக வேண்டும்.

வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தைக்கு ஆட்டம் புதிதாக வந்தால் ஸ்கேனோடு ரத்தத்தில் மருந்தின் அளவையும் பாருங்கள். ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்றவை அளவு கூடினாலே கண் ஆடும்.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாத, நாலு மாதத்தில் தொடங்கிய, இடம் வலமான, சமமான ஆட்டத்துக்கு எம்ஆர்ஐயை முதல் பரிசோதனையாக வைப்பதை நான் ஏற்பதில்லை. ஏன் என்று செலவுகளைப் பார்த்தால் புரியும்.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது, ஆனால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அசையாமல் கிடக்க வேண்டும். முதல் சில மாதங்களில் வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, தூங்கும்போது எடுத்துவிடலாம். அந்த வயது தாண்டினால் பள்ளி செல்லும் வயதுவரை அநேகமாக மயக்க மருந்துதான். தாய்ப்பால் 4 மணி நேரம், திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பது பொதுவான விதி. பசியில் அலறும் ஒன்றரை வயதுக் குழந்தையோடு காத்திருந்தவர்களுக்கு அந்தக் காலைப்பொழுது மறக்காது.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா என்பது அடுத்த கவலை. ஏழு நாடுகளில் 722 சிசுக்களைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. சிசுப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒற்றை மயக்கம், ஐந்து வயதில் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் எதையும் காட்டவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது, 3 வயதுக்குள் 3 மணி நேரத்தைத் தாண்டும் மயக்கத்தையும் திரும்பத் திரும்பக் கொடுப்பதையும் பற்றி. ஆகவே தேவையான ஒரு ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம். தேவையில்லாத இரண்டாவதைத் தவிர்க்கப் பாருங்கள். எப்படியும் மயக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்றால், அதே நேரத்தில் கண்ணை விரித்து விழித்திரையைப் பார்க்கவும் மரபணுவுக்கு ரத்தம் எடுக்கவும் முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு துறையும் பேசிக்கொள்ள ஒரு போன் அழைப்பு போதும், ஆனால் அந்த அழைப்பை யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

சீட்டில் "தலை எம்ஆர்ஐ" என்று மட்டும் இருந்தால், பார்வை நரம்பு, நரம்புகள் குறுக்கே கடக்கும் இடம், ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி, சிறுமூளைப் பகுதி ஆகியவற்றுக்கு மெல்லிய வெட்டுகள் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மறுபடி மயக்கம், மறுபடி ஸ்கேன். பார்வை நரம்பு சிறுத்திருக்கும் குழந்தைக்கு இன்னொன்றும் உண்டு. ஸ்கேனில் பிட்யூட்டரி நன்றாகத் தெரிந்தாலும் ஹார்மோன் குறைவு இருக்கலாம். சாதாரணக் காய்ச்சலில்கூடச் சர்க்கரை குறைந்து ஆபத்தாகும். ஸ்கேனோடு நிற்காமல் ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

கடைசியாக, தேடாதது கிடைப்பது. கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத சிறு நீர்க்கட்டி ஒன்று படத்தில் தெரியும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த வார்த்தை அறிக்கையில் வந்துவிட்டால், வருடா வருடம் ஸ்கேன், வருடா வருடம் பயம்.

## வழி 5: மரபணுப் பரிசோதனை

கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ போதும். குழந்தைக்கு இதைவிட எளிது எதுவுமில்லை. கனம் எல்லாம் முடிவு வந்த பிறகுதான். பல வாரம், சில சமயம் மாதக் கணக்கில் காத்திருந்த பிறகு "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று வந்தால் அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. பெற்றோர் இருவரின் ரத்தமும் கேட்பார்கள். யாரிடமிருந்து வந்தது என்று தெரியும்போது வீட்டுக்குள் பழி ஆரம்பிக்கும். இதைப் பக்குவமாகச் சொல்ல மரபணு ஆலோசகர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஆலோசனை இல்லாமல் வெறும் ஆய்வகத் தாளை வாங்காதீர்கள்.

எங்கே இது நிஜமாகவே கவனிப்பை மாற்றுகிறது? ஐரிஸ் இல்லாமல் பிறந்த குழந்தையைப் பாருங்கள். PAX6 மரபணுவில் பழுது. அதன் பக்கத்திலேயே WT1 என்ற மரபணு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அறுபட்டிருந்தால் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி வரும் அபாயம் உண்டு. அப்படியென்றால் ஏறக்குறைய எட்டு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன். அறுபடவில்லை என்றால் அத்தனை அலைச்சலும் மிச்சம். எழுத்துப்பிழையை மட்டும் தேடும் பரிசோதனை, துண்டாக அறுந்ததைக் கவனிக்காமல் விடலாம். அதனால் "டெலிஷனும் பார்க்கிறீர்களா" என்று கேட்டே ஆக வேண்டும்.

லெபர் பிறவிப் பார்வை இழப்பு என்ற விழித்திரை நோயில் RPE65 மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாக இருந்தால் மரபணுச் சிகிச்சை இருக்கிறது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிச்சமிருக்கும்போதுதான் பலன், ஆகவே இங்கே சீக்கிரம் தெரிவது முக்கியம். நிறமிக் குறைபாட்டில் ஹெர்மான்ஸ்கி புட்லாக் என்ற வகைக்கு ரத்தம் உறைவதில் கோளாறு உண்டு. மாறுகண் அறுவைக்கு முன் இது தெரிந்தாக வேண்டும். கண்ணோடு சிறுநீரகமோ இதயமோ சேர்ந்து பாதிக்கும் நோய்களும் சில இருக்கின்றன.

மற்றபடி, கண் முழுக்க நார்மல், குடும்பத்தில் மாமாவுக்கும் தாத்தாவுக்கும் இதே ஆட்டம் என்றால், 2006-இல் கண்டறியப்பட்ட FRMD7 மரபணு காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் வழியாக வரும். பெயர் தெரிவது நிம்மதி, அடுத்த குழந்தை பற்றிப் பேச உதவும். ஆனால் நாளைய சிகிச்சை எதுவும் மாறாது. அதனால் அவசரமில்லை. ஓசிடியும் ஈஆர்ஜியும் எடுத்த பிறகு மரபணுவுக்குப் போனால், எந்த மரபணுக்களைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குச் சொல்ல முடியும். குழப்பமான முடிவு வந்தாலும் ஒத்துப்பார்க்க ஒரு ஆதாரம் கையில் இருக்கும்.

## ஒரு பார்வையில்

| வழி | மயக்கம் | எதில் கெட்டி | நார்மல் என்றால் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பொறுத்திருப்பது | இல்லை | முதல் சில வாரங்கள் மட்டும் | – | கண்புரை, கட்டி தாமதமாகத் தெரியவருவது |
| கண் பரிசோதனை | இல்லை | வகையைப் பிரிப்பது, கண்புரை, நரம்பு, மாறுகண் | விழித்திரை நோய் இன்னும் ஒளிந்திருக்கலாம் | பல தடவை வருவது |
| ஓசிடி, ஈஆர்ஜி | பெரும்பாலும் வேண்டாம் | விழித்திரையின் அமைப்பும் வேலையும் | கண்ணில் காரணம் இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது | சிறு வயதில் திரும்ப எடுப்பது |
| எம்ஆர்ஐ | பெரும்பாலும் வேண்டும் | கட்டி, மூளையில் நீர்கோப்பு, மூளை அமைப்பு | விழித்திரை பற்றி ஒன்றும் சொல்லாது | தேடாதது கிடைப்பது |
| மரபணு | இல்லை | நோயின் பெயர், பிற உறுப்பு அபாயம் | காரணம் வேறு மரபணுவாக இருக்கலாம் | தெளிவற்ற முடிவு, குடும்பச் சுமை |

## எந்தக் குழந்தைக்கு எது முதலில்

ஆறு மாதத்துக்குள் தொடங்கி, இடம் வலமாக, இரண்டு கண்ணிலும் சமமாக ஆடி, குழந்தை மற்றபடி நன்றாக வளர்ந்தால்: கண் பரிசோதனை, உடனே ஓசிடியும் ஈஆர்ஜியும், அப்புறம் மரபணு. எம்ஆர்ஐ கடைசியில், தேவைப்பட்டால்.

மேலே சொன்ன அபாய அடையாளம் ஒன்றாவது இருந்தால்: எம்ஆர்ஐ, அதுவும் நாள் கணக்கில், மாதக் கணக்கில் அல்ல. வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்திருந்தால் அன்றே. உடனே எம்ஆர்ஐ கிடைக்காத அவசரத்தில் சிடி எடுப்பார்கள், அதை மறுக்க வேண்டாம். ஆனால் அவசரம் இல்லாதபோது கதிர்வீச்சு உள்ள சிடியை எம்ஆர்ஐக்குப் பதிலாக ஏற்காதீர்கள், சிறுமூளைப் பகுதியை அது அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

வெயிலில் கண் திறக்க மறுத்து, மாலையில் ஓடி விளையாடினால்: ஈஆர்ஜியை முன்னால் கொண்டுவாருங்கள். இருட்டில் தடுமாறினாலும் ஈஆர்ஜிதான். ஐரிஸ் இல்லாமலோ அரைகுறையாகவோ இருந்தால் மரபணுவும் வயிற்று ஸ்கேனும் வரிசையில் முந்துகின்றன.

## பதில் வரும்வரை

போனில் சில வீடியோ எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் 20, 30 விநாடி போதும். இரண்டு கண்ணும் நெற்றியும் நாடியும் படத்தில் வரட்டும், ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழட்டும். தூரத்தில் எதையோ பார்க்கும்போது ஒன்று, கையில் உள்ள பொம்மையைப் பார்க்கும்போது ஒன்று, இடமும் வலமும் மேலும் கீழும் பார்க்கும்போது ஒன்று, பால் குடிக்கும்போது ஒன்று. மருத்துவர் அறையில் குழந்தை தூங்கிவிட்டாலும் கவலை இல்லை.

கண்ணாடி எழுதிக்கொடுத்தால் போடுங்கள். ஆட்டத்தை நிறுத்தாவிட்டாலும் பார்வை கூடும். மாறுகண்ணுக்காக ஒட்டுப்பட்டை கொடுத்தால், ஒட்டியதும் ஆட்டம் கூடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், மாற்று வழிகள் இருக்கின்றன.

அப்புறம், குழந்தை முகத்தைத் திருப்பிவைத்துப் பார்க்கும்போது "நேரா பாரு" என்று தலையைப் பிடித்துத் திருப்பாதீர்கள். பாட்டி, தாத்தா, ஆசிரியர் எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அந்தக் கோணத்தில்தான் அதன் விழி ஓய்கிறது, எழுத்து தெளிகிறது. இடப்பக்கம் முகம் திருப்பிப் பார்க்கும் குழந்தையின் விழி வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வகுப்பில் கரும்பலகை அதன் வலப்பக்கம் வரும்படி, அறையின் இடதோரத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தால், கழுத்தைத் திருப்பாமலே படிக்கும்.